இன்பம் என்பது இயக்கமா, ஓய்வா?

"ஹெடானிசம்" என்ற சொல்லை ஆங்கில அகராதியில் தேடிப் பாருங்கள். இரண்டு பொருள்கள் கிடைக்கும். இன்பமே வாழ்வின் முடிவான நன்மை என்று கொள்ளும் தத்துவக் கொள்கை என்பது ஒன்று. குடி, கூத்து, விருந்து எனக் கட்டுப்பாடின்றித் திரியும் வாழ்க்கை என்பது மற்றொன்று. நாளேடுகளிலும் நாவல்களிலும் நாம் சந்திப்பது பெரும்பாலும் இரண்டாவது பொருளைத்தான். தமிழில் இதை இன்பவாதம் என்கிறோம். முகத்தைச் சுளித்துக்கொண்டு சொல்ல விரும்புவோர் சுகபோகவாதம் என்பார்கள்.

இயற்பியல் கற்பிப்பவருக்கு இந்தச் சொல்லோடு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது, வாசகர்களே! அணுக்கொள்கையின் வரலாற்றை முதலாண்டு மாணவர்களுக்குச் சொல்லும்போது நாங்கள் டெமாக்ரிட்டஸில் தொடங்கி, ஒரே தாவலில் டால்டனிடம் வந்து இறங்கிவிடுவோம். பாடநூல்களும் அப்படியே செய்கின்றன. ஒரு முறை பின்வரிசை மாணவர் ஒருவர் எழுந்து, "நடுவில் 2200 ஆண்டுகள் இருக்கின்றனவே, அவ்வளவு காலமும் அணு எங்கே போயிருந்தது?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் அணு இன்பவாதிகளின் வீட்டில் குடியிருந்தது என்பதுதான் அதற்கு விடை. அந்த வீட்டுக்காரர்கள் யார், அவர்கள் பெயர் எப்படிக் கெட்டது, அணுவுக்கும் இன்பத்துக்கும் அங்கே என்ன உறவு என்பவற்றைத்தான் இக்கட்டுரையில் காணப் போகிறோம்.

சொல்லின் பிறப்பு

கிரேக்க மொழியில் "ஹெடோனே" என்றால் இன்பம். "இனிய" என்று பொருள்படும் "ஹெடூஸ்" என்ற சொல்லோடு பிறந்தது அது. ஹோமரின் காவியங்களில் மதுவும் ஹெடூஸ். களைத்தவனுக்கு வரும் உறக்கமும் ஹெடூஸ். வாய்விட்டுச் சிரிக்கும் சிரிப்பும் ஹெடூஸ்தான்.

இச்சொல்லுக்கு உறவினர்கள் தொலைவிலும் உண்டு. இந்தோ-ஐரோப்பிய மொழிகளில் சொல்லின் முதலில் நின்ற ஸகர ஒலி கிரேக்கத்தில் ஹகரமாகத் தேய்ந்தது. ஏழு என்னும் எண்ணை வடமொழி "ஸப்த" என்றும் இலத்தீன் "செப்டெம்" என்றும் சொல்ல, கிரேக்கம் "ஹெப்டா" என்கிறது. வேதியியல் படித்தவர்களுக்கு ஏழு கார்பன் அணுக்களைக் கொண்ட ஹெப்டேன் நினைவுக்கு வரும். இதே விதியைப் பொருத்திப் பாருங்கள். வடமொழியின் "ஸ்வாது", இலத்தீனின் "சுவாவிஸ்", ஆங்கிலத்தின் "ஸ்வீட்", கிரேக்கத்தின் "ஹெடூஸ்" ஆகிய நான்கும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. ஆக, ஹெடானிசம் என்னும் பயங்கரமான சொல்லுக்குள் ஒளிந்திருப்பது மிட்டாய்க் கடைப் பலகையில் நாம் காணும் ஸ்வீட்தான்!

நம் "சுவை"யையும் இந்தக் குடும்பத்தில் சேர்த்துவிடலாமா என்று ஆசை எழும். ஒலி ஒத்திருப்பது மட்டும் உறவுக்குச் சான்றாகாது. எனவே அந்த ஆசையை அடக்கிக்கொள்வோம். ஆனால் வேறொன்றைக் கவனிக்கலாம். இனிமை, இனிப்பு, இன்பம் மூன்றும் தமிழில் ஒரே அடியிலிருந்து வந்தவை. தொடர்பில்லாத இரு மொழிக் குடும்பங்கள் நாவின் அனுபவத்திலிருந்தே மனத்தின் அனுபவத்துக்குப் பெயர் எடுத்திருக்கின்றன.

இதில் "இசம்" ஒட்டிக்கொண்டது மிகவும் பிந்திய செய்தி. ஆங்கிலத்தில் ஹெடானிசம் என்ற வடிவம் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் வழக்குக்கு வந்தது. கருத்தோ அதைவிட ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் மூத்தது.

சைரீனிலிருந்து வந்தவர்

இன்றைய லிபியாவின் கடலோரப் பகுதியில் சைரீன் என்ற கிரேக்கக் குடியேற்ற நகரம் இருந்தது. அங்கே கி.மு. 5ஆம் நூற்றாண்டில் பிறந்து, ஏதென்ஸுக்கு வந்து, சாக்ரட்டீஸின் மாணவர் ஆனவர் அரிஸ்டிப்பஸ். சாக்ரட்டீஸ் கூலி வாங்காமல் பேசினார். அவர் மாணவர்களுள் முதன்முதலாகக் கட்டணம் வாங்கிக் கற்பித்தவர் இவர்தான் என்று டயோஜினீஸ் லேயர்ஷியஸ் என்ற பிற்கால வரலாற்றாசிரியர் எழுதுகிறார். ஒருவர் தம் மகனைச் சேர்க்க வந்தாராம். கட்டணம் 500 டிராக்மா என்றார் அரிஸ்டிப்பஸ். "அந்தப் பணத்துக்கு ஓர் அடிமையை வாங்கிவிடலாமே!" என்று தந்தை மலைத்தார். "தாராளமாக வாங்குங்கள், வீட்டில் இரண்டு அடிமைகள் இருப்பார்கள்" என்று பதில் வந்தது. ஆசிரியர் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்தக் கதை பிடிக்காமல் போகாது.

அரிஸ்டிப்பஸின் மகள் அரெட்டே தந்தையிடம் தத்துவம் கற்றார். அவர் தம் மகனுக்குக் கற்பித்தார். தாத்தாவின் பெயரையே தாங்கிய அந்த மகனுக்குத் "தாயிடம் பயின்றவன்" என்பது பட்டப்பெயர். பள்ளியின் கொள்கைகளை முறைப்படுத்தியவர் இந்தப் பேரனே என்று பலர் கருதுகின்றனர்.

அந்தக் கொள்கையில் ஓர் இயற்பியல் வாசனை உண்டு. இன்பம், துன்பம் இரண்டுமே இயக்கங்கள் என்றனர் சைரீன் பள்ளியினர். மென்மையான இயக்கம் இன்பம். முரட்டு இயக்கம் துன்பம். இரண்டும் இல்லாத நிலை மூன்றாவது. அவர்கள் கையாண்ட உவமை கடல். புயல் அடிக்கும் கடல் துன்பம், இளங்காற்றில் மெல்ல அசையும் கடல் இன்பம், அலையே இல்லாத கடல் இரண்டுமன்று. இயக்கம் நிற்கும் கணத்தில் இன்பமும் நின்றுவிடும். ஆகையால் நேற்றைய இன்பத்தை எண்ணுவதிலோ, நாளைய இன்பத்தை எதிர்பார்ப்பதிலோ பயனில்லை. உடலில் இக்கணம் நிகழ்வதே கணக்கில் சேரும். அகராதியின் இரண்டாவது பொருளுக்கு ஓரளவேனும் அருகில் வருபவர்கள் இவர்கள்தான்.

இந்தப் பள்ளியின் பிற்காலத்தில் ஒரு விபரீதம் நேர்ந்தது. ஹெஜீசியஸ் என்பவர் ஆசிரியர்களின் கணக்கை அப்படியே ஏற்றுக்கொண்டு, வாழ்நாள் முழுவதற்கும் கூட்டிப் பார்த்தார். துன்பமே மிஞ்சியது! இன்பமயமான வாழ்வு கைகூடாது என்று அவர் முடிவு கட்டினார். அவருடைய சொற்பொழிவுகளைக் கேட்டுச் சிலர் உயிரை மாய்த்துக்கொண்டதாகவும், எகிப்தின் மன்னன் தாலமி அப்பேச்சுகளுக்குத் தடை விதித்ததாகவும் சிசரோ குறிப்பிடுகிறார். இன்பமே எல்லாம் என்று தொடங்கிய பள்ளியில் ஒருவருக்கு "மரணத்தைத் தூண்டுபவர்" என்று பெயர் விழுந்தது. கணம் கணமாகக் கூட்டும் கணக்கில் எங்கோ பிழை இருக்கிறது என்று இதைப் படிக்கும் எவருக்கும் தோன்றும்.

வானியலாளரின் வாதம்

இன்பவாதிகள் என்றால் சோம்பேறிகள் என்று எண்ணுவோருக்கு யூடாக்ஸஸை அறிமுகப்படுத்த வேண்டும். கோள்களின் இயக்கத்தை ஒரே மையமுள்ள 27 கோளங்களின் சுழற்சியால் விளக்க முயன்ற பெருங்கணித மேதை அவர். விகிதங்களைப் பற்றிய அவருடைய கொள்கை யூக்ளிடின் நூலில் இடம்பெற்றிருக்கிறது. அவர் சொன்னதாக அரிஸ்டாட்டில் தரும் வாதம் மிக எளியது. அறிவுள்ள உயிர், அறிவில்லாத உயிர் அனைத்தும் இன்பத்தை நாடுகின்றன. எல்லாம் நாடுவது எதுவோ அதுவே நன்மை. யூடாக்ஸஸ் அடக்கமும் ஒழுக்கமும் மிக்கவராக இருந்ததால்தான் மக்கள் இதை நம்பினார்கள் என்றும் அரிஸ்டாட்டில் குறும்பாகச் சேர்க்கிறார்.

இவ்வாதத்தின் முற்பகுதி நமக்குப் புதிதன்று. இன்பம் என்பது எல்லா உயிர்களும் விரும்பிப் பொருந்துவது என்று தொல்காப்பியப் பொருளதிகாரமும் சொல்கிறது. தொல்காப்பியர் இயல்பைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார். யூடாக்ஸஸோ இயல்பிலிருந்து அறத்துக்குத் தாவுகிறார். அந்தத் தாவல் சரிதானா என்ற சண்டை இன்று வரை ஓயவில்லை.

தோட்டத்து மனிதர்

இனி நம் கதையின் நாயகர். எபிக்யூரஸ் கி.மு. 341இல் சாமோஸ் தீவில் ஒரு பள்ளி ஆசிரியரின் மகனாகப் பிறந்தார். கி.மு. 306 வாக்கில் ஏதென்ஸில் 80 மினா கொடுத்து ஒரு தோட்டம் வாங்கினார். அதுவே அவருடைய பள்ளி. அதன் பெயரும் "தோட்டம்" என்பதே. பெண்களும் அடிமைகளும் அங்கே சமமாக அமர்ந்து படித்தனர்.

எபிக்யூரஸும் இன்பமே முடிவான நன்மை என்றார். ஆனால் சைரீன் பள்ளியினரோடு ஓர் அடிப்படையான இடத்தில் வேறுபட்டார். இன்பத்தில் இரண்டு வகை உண்டு என்பது அவர் கண்டது. தாகத்தில் தண்ணீர் குடிக்கும்போது தொண்டையில் உண்டாகும் இன்பம் இயக்க வகை. தாகம் தீர்ந்த பின், எதுவும் வேண்டாது அமைந்திருக்கும் நிலை இரண்டாம் வகை. முன்னதற்கு அவர் பயன்படுத்திய "கினேஸிஸ்" என்ற சொல்லிலிருந்துதான் இயக்க ஆற்றலுக்குரிய ஆங்கிலப் பெயர் வந்தது. வகுப்பில் இயக்க ஆற்றல், நிலை ஆற்றல் என்று கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் எனக்கு இந்தப் பாகுபாடு நினைவுக்கு வரும். ஒப்புமையை அதற்கு மேல் இழுத்தால் அறுந்துவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இவற்றுள் நிலைத்த இன்பமே உயர்ந்தது என்பது எபிக்யூரஸின் தீர்ப்பு. உடலில் வலியில்லாமை, உள்ளத்தில் கலக்கமில்லாமை ஆகிய இரண்டுமே அதன் உறுப்புகள். வலி முழுதும் நீங்கியதும் இன்பம் தன் உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. அதற்கு மேல் நீங்கள் எதைச் சேர்த்தாலும் இன்பம் வேறு வேறு வண்ணம் பெறுமே தவிர அளவில் கூடாது. சூடேறும் நீர் கொதிநிலையில் நின்றுவிடுவதைப் போல, இன்பத்துக்கு ஒரு மேல்வரம்பு உண்டு. இது எவ்வளவு பெரிய முடிவு என்று பாருங்கள்! வரம்பு இருக்குமானால், அதை எட்ட எவ்வளவு செலவாகும் என்று கணக்கிடலாம். எபிக்யூரஸ் கணக்கிட்டார். பசிக்கு உணவு, குளிருக்கு ஆடை போன்றவை இயற்கையானவை, இன்றியமையாதவை. அறுசுவை விருந்து இயற்கையான ஆசைதான், ஆனால் இன்றியமையாதது அன்று. புகழும் அதிகாரமும் இயற்கையுமல்ல, இன்றியமையாதவையுமல்ல. முதல் வகைக்கு ஆகும் செலவு மிகக் குறைவு என்பதே அவர் கண்ட விடை.

அவர் அப்படியே வாழ்ந்தும் காட்டினார். ரொட்டியும் தண்ணீரும் அவருடைய அன்றாட உணவு. வேண்டும்போது விருந்துண்ண ஒரு சிறு பானை பாலாடைக்கட்டி அனுப்பும்படி நண்பருக்கு அவர் எழுதிய கடிதம் புகழ்பெற்றது. இதை அவருடைய சீடர்கள் மட்டும் சொன்னால் நாம் ஐயுறலாம். எதிர்ப்பள்ளியான ஸ்டோயிக் மரபைச் சேர்ந்த செனகாவே, தோட்டத்துக்குப் போனால் வாற்கோதுமைக் கஞ்சியும் தண்ணீரும்தான் கிடைக்கும் என்று எழுதியிருக்கிறார்.

அப்படியானால் சொல் எப்படிக் கெட்டது? முதல் காரணம், பள்ளியை விட்டு வெளியேறிய டிமோக்ரட்டீஸ் என்ற பழைய மாணவர். மிதமிஞ்சிய விருந்தால் எபிக்யூரஸ் நாளுக்கு இரு முறை வாந்தி எடுக்கிறார் என்று அவர் எழுதிப் பரப்பினார். வதந்திக்கு உண்மையைவிடக் கால்கள் அதிகம். இரண்டாம் காரணம், மொழிபெயர்ப்பு. சிசரோ ஹெடோனேயை இலத்தீனில் "வொலுப்டாஸ்" என்று ஆக்கினார். ரோமானியரின் காதில் அது படுக்கையறை வாசனை வீசிய சொல். வலியில்லாமையை எதற்காக இன்பம் என்று அழைக்க வேண்டும், அது வேறு பொருள் அல்லவா என்று சிசரோ மடக்கிக் கேட்டார். நேர்மையாகச் சொன்னால் அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. சைரீன் பள்ளியினரும் இதையே கேட்டனர். வலியும் இல்லை, இயக்கமும் இல்லை என்றால் அது உறங்குபவனின் நிலைதானே என்றனர்.

காலம் செல்லச் செல்லப் பழி தடித்தது. ரோமக் கவிஞர் ஹொரேஸ் தம்மையே எபிக்யூரஸ் மந்தையின் பன்றி என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டார். யூதர்களின் சமய நூல்களில் "அபிகோரோஸ்" என்பது நம்பிக்கையற்றவனுக்குப் பெயராயிற்று. தாந்தே தம் காவியத்தில் எபிக்யூரஸையும் சீடர்களையும் நரகத்தில் எரியும் கல்லறைகளுக்குள் வைத்தார். ஆங்கிலத்தில் "எபிக்யூர்" என்றால் நாச்சுவை தேர்ந்த உணவுப் பிரியன். தண்ணீரும் ரொட்டியும் உண்டவருக்கு வாய்த்த பெயர் இது!

அச்சத்துக்கு மருந்தாக அணு

உடல் வலி நீங்க உணவு போதும். உள்ளக் கலக்கம் நீங்க என்ன செய்வது? கலக்கத்துக்குக் காரணம் அச்சம் என்றார் எபிக்யூரஸ். இடியும் மின்னலும் கிரகணமும் தெய்வச் சினம் என்ற அச்சம். இறந்த பின் என்ன ஆகுமோ என்ற அச்சம். இவ்விரண்டும் நம்மைத் துன்புறுத்தாவிட்டால் நமக்கு இயற்பியலே தேவைப்பட்டிருக்காது என்று அவர் வெளிப்படையாகச் சொல்கிறார். இயற்பியல் எதற்கு என்று மாணவர்கள் கேட்கும்போது, மின்விசிறி, வானொலி, விண்கலம் என்று நாம் அடுக்குகிறோம். நிம்மதியாக உறங்குவதற்கு என்று சொன்ன ஒரே ஆசிரியர் இவராகத்தான் இருக்க வேண்டும்.

அந்த மருந்துக்கு டெமாக்ரிட்டஸின் அணுக்கொள்கையை அவர் எடுத்துக்கொண்டார். இருப்பவை அணுக்களும் வெற்றிடமும் மட்டுமே. இடி என்பது மேகங்களுக்குள் நிகழும் ஒன்று. உயிரும் நுண்ணிய அணுக்களின் சேர்க்கை. உடல் அழியும்போது அச்சேர்க்கை கலைந்துவிடும், ஆகவே இறந்தபின் துன்புற எவரும் இருப்பதில்லை. "இயற்கையைப் பற்றி" என்று 37 சுருள்களில் அவர் ஒரு பெருநூல் எழுதினார்.

ஆனால் இதில் ஒரு குறையும் உண்டு. இயற்பியல் ஆசிரியர் அதை மறைக்கக் கூடாது. அச்சம் போனால் போதும் என்பவருக்குச் சரியான விடை எது என்ற அக்கறை குறைந்துவிடுகிறது. மின்னலுக்கு எபிக்யூரஸ் ஐந்தாறு விளக்கங்களைத் தருவார். தெய்வத்தை இழுக்காதவரை எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்பார். சூரியன் ஏறத்தாழ நம் கண்ணுக்குத் தெரியும் அளவுதான் இருக்கும் என்றும் அவர் எழுதிவைத்தார். அவருக்குச் சற்றே இளையவரான அரிஸ்டார்க்கஸ், கோணங்களை அளந்து, சூரியன் பூமியைவிடப் பல மடங்கு பெரியது என்று கணக்கிட்டுக் காட்டினார். ஆறுதல் தரும் இயற்பியலுக்கும் அளந்து பார்க்கும் இயற்பியலுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

கி.மு. 270 வாக்கில் எபிக்யூரஸ் சிறுநீரகக் கல்லால் இறந்தார். கடைசி நாளில் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், வலி தாங்க முடியாததாக இருப்பதையும், பழைய உரையாடல்களின் நினைவு அதற்கு எதிர்எடையாக நிற்பதையும் குறிப்பிட்டார். நேற்றைய இன்பம் கணக்கில் சேராது என்ற சைரீன் பள்ளிக்கு இதுவே அவருடைய மறுப்பு.

நம் பக்கத்தில்

இந்தியாவிலும் இதற்கு ஈடான ஒரு மரபு இருந்தது. உலோகாயதர் அல்லது சார்வாகர் என்று அவர்களுக்குப் பெயர். கடன் வாங்கியாவது நெய் உண்ணச் சொன்னவர்கள் என்பது அவர்கள்மீது சுமத்தப்பட்ட பழி. அவர்களுடைய மூல நூல்கள் மறைந்துபோயின. நாம் அறிவதில் பெரும்பகுதி எதிரிகள் எடுத்துக்காட்டியவை. 14ஆம் நூற்றாண்டில் மாதவர் எழுதிய தரிசனத் தொகுப்பின் முதல் இயலும் இத்தகையதே. முள் இருக்கிறதென்று மீனையும், உமி இருக்கிறதென்று நெல்லையும் எறிந்துவிடுவோமா என்று அவர்கள் கேட்டதாக அதில் வருகிறது. டிமோக்ரட்டீஸின் வாய்மொழி மட்டும் எஞ்சியிருந்தால் எபிக்யூரஸை நாம் எப்படி அறிந்திருப்போம் என்று எண்ணிப் பார்த்தால், நெய்க் கதையை எவ்வளவு நம்பலாம் என்பது விளங்கும்.

தமிழில் மணிமேகலையின் 27ஆம் காதையில் பூதவாதி ஒருவர் பேசுகிறார். தாதகிப் பூவும் வெல்லக் கட்டியும் சேர்ந்து ஊறினால் களிப்பு பிறப்பதைப் போல, பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கும். இன்ப துன்பம் இப்பிறப்போடு முடியும் என்பது அவர் கொள்கை. மணிமேகலை அவரைப் பார்த்து நகைக்கிறாள். கண்ணால் காண்பதை மட்டுமே ஏற்பவர் தம் தாய் தந்தையரை எப்படி அறிந்தார் என்று கேட்கிறாள். கூர்மையான கேள்வி! அதே காதையில் அணுக்களைப் பற்றி விரிவாகப் பேசுபவர் ஆசீவகர். கிரேக்கத்தில் ஒரே வீட்டில் வாழ்ந்த அணுவும் இன்பவாதமும் இங்கே தனித்தனி வீடுகளில் இருந்தன.

மீண்டும் வெளிச்சத்துக்கு

எபிக்யூரஸின் கருத்துகளை கி.மு. முதல் நூற்றாண்டில் லுக்ரீஷியஸ் இலத்தீன் காவியமாகப் பாடினார். ஆறு பகுதிகளைக் கொண்ட அந்நூல் இடைக்காலத்தில் ஏறக்குறைய மறக்கப்பட்டது. 1417இல் பழஞ்சுவடி வேட்டைக்காரரான போஜியோ ஒரு ஜெர்மானிய மடத்தில் அதன் படி ஒன்றைக் கண்டெடுத்தார். அணு மீண்டும் ஐரோப்பாவில் நடமாடத் தொடங்கியது. அதற்கு மரியாதையான உடை அணிவித்தவர் கசெண்டி என்ற பிரெஞ்சுப் பாதிரியார். சூரியனைப் புதன் கோள் கடப்பதை 1631இல் முதன்முதலாகக் கண்டு பதிவு செய்தவர் அவரே. அணுக்களைக் கடவுள் படைத்தார் என்று ஒரு திருத்தம் செய்து எபிக்யூரஸைக் கிறிஸ்தவ உலகுக்கு ஏற்புடையவராக்கினார். பாயிலும் நியூட்டனும் அணுவை நாத்திகப் பழியின்றிக் கையாள இது உதவியது.

அணு வெளியேறிச் சென்றபின் இன்பம் தனியே நின்றது. அதை அளக்கும் ஆசை பிறந்தது. 1789இல் பெந்தாம் இன்பத்தின் அளவைத் தீர்மானிக்கச் செறிவு, கால அளவு, உறுதி, அண்மை என்று தொடங்கி ஏழு கூறுகளை வகுத்தார். 1881இல் எட்ஜ்வொர்த் என்ற பொருளியலறிஞர் இன்னும் ஒரு படி மேலே போய், ஒருவர் நுகரும் இன்பத்தின் ஏற்ற இறக்கத்தை விடாமல் வரைந்து காட்டும் கற்பனைக் கருவி ஒன்றை எழுத்தில் அமைத்தார். அதற்கு அவர் இட்ட பெயர் "ஹெடோனிமீட்டர்". வோல்ட்மீட்டர், அம்மீட்டர் வரிசையில் அது ஆய்வுக்கூட மேசையில் இருந்தால் எப்படி இருக்கும்! ஆனால் ஒரு கருவிக்கு முதலில் வேண்டியது அலகு. என் இன்பத்தின் ஓர் அலகும் உங்கள் இன்பத்தின் ஓர் அலகும் சமம் என்று எந்தத் தராசில் வைத்துக் காட்டுவது? எட்ஜ்வொர்த் இதை ஊகமாகவே விட்டுவிட்டார்.

இதே காலத்தில்தான் ஹெடானிசம் என்ற புதுச் சொல் பரவி, உடனே கறையும் பட்டது. ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த வால்ட்டர் பேட்டர், தம் கலை நூலின் முடிவுரை இளைஞர்களைத் தவறான வழியில் செலுத்திவிடுமோ என்று அஞ்சி, 1877இல் வந்த இரண்டாம் பதிப்பில் அதை நீக்கினார். தம்மை ஹெடானிஸ்ட் என்று அழைக்காதிருந்தால் நல்லது, கிரேக்கம் தெரியாதவர்களுக்கு அது தவறான எண்ணத்தைத் தருகிறது என்று அவர் வருந்தியதாக நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார்.

எலியின் நாக்கு

1954இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஓல்ட்ஸ், மில்னர் என்ற இருவர் எலியின் மூளையில் மின்முனை ஒன்றைப் பொருத்தினர். அது குறிவைத்த இடத்தில் அமையாமல் விலகிவிட்டது. மின்தூண்டல் கிடைத்த மூலைக்கே அந்த எலி திரும்பத் திரும்ப வந்தது. நெம்புகோலை அமுக்கினால் மின்தூண்டல் கிடைக்கும்படி செய்தபோது, எலிகள் மணிக்கு நூற்றுக்கணக்கான முறை அமுக்கின. இன்ப மையம் அகப்பட்டுவிட்டது என்று உலகமே பேசியது.

ஆனால் அமுக்குவது இன்பத்தாலா, அல்லது அமுக்கவேண்டும் என்ற வேட்கையாலா? மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பெர்ரிட்ஜும் உடன் ஆய்வாளர்களும் 1989இல் வெளியிட்ட ஆய்வு இந்த முடிச்சை அவிழ்க்கத் தொடங்கியது. டோபமின் என்ற வேதிப்பொருள் மூளையில் ஏறத்தாழ முழுவதும் அழிக்கப்பட்ட எலிகள் உணவைத் தேடிப் போகவில்லை. எதிரே வைத்தாலும் உண்ணவில்லை. ஆயினும் சர்க்கரை நீரை நாவில் விட்டபோது, நலமுள்ள எலிகளைப் போலவே நாக்கை நீட்டிச் சுவைத்தன. நாடுதல் போய்விட்டது, நுகர்தல் மிஞ்சியிருந்தது. மூளையில் இவ்விரண்டும் வேறு வேறு ஏற்பாடுகள் என்று பின்வந்த ஆய்வுகள் மேலும் காட்டின. எல்லா உயிரும் நாடுவதே இன்பம் என்ற யூடாக்ஸஸின் சமன்பாடு இங்கே விரிசல் கண்டது. ஓடிக்கொண்டே இருக்கும் வேட்கைக்கு வரம்பில்லை, நிறைவுக்கு வரம்பு உண்டு என்ற எபிக்யூரஸின் பாகுபாடு முற்றிலும் இதுவேயன்று. என்றாலும் அவர் கோடு கிழித்த இடத்துக்கு மிக அருகில் ஆய்வுக்கூடமும் கோடு கிழித்திருக்கிறது. அந்தக் கோட்டைக் கிழிக்க உதவியது இனிப்பு என்பதைக் கவனித்தீர்களா?

கருகிய சுருள்

கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது ஹெர்குலேனியம் நகரில் ஒரு மாளிகையும் புதைந்தது. 1750களில் அதைத் தோண்டியபோது கரிக்கட்டைகளைப் போன்ற பாப்பிரஸ் சுருள்கள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. பிரித்துப் படித்தவற்றுள் பெரும்பாலானவை பிலோடெமஸ் போன்ற எபிக்யூரஸ் பள்ளியினரின் நூல்கள். "இயற்கையைப் பற்றி" நூலின் துண்டுகளும் அங்கிருந்தே கிடைத்தன. பிரிக்க முயன்ற பல சுருள்கள் பொடிந்துபோயின.

அவற்றுள் ஒன்று நெப்போலியனுக்குப் பரிசாக அனுப்பப்பட்டுப் பாரிசில் தங்கியது. 2019இல் அதை ஆக்ஸ்ஃபோர்டு அருகிலுள்ள டைமண்ட் சிங்க்ரோட்ரான் நிலையத்தில் எக்ஸ் கதிர்களால் துருவிப் படமெடுத்தனர். சிக்கல் எங்கே என்றால், மையும் கரி, கருகிய தாளும் கரி. இரண்டும் எக்ஸ் கதிர்களை ஏறக்குறைய ஒரே அளவில் உறிஞ்சுகின்றன. மை காய்ந்த இடத்தில் தாளின் மேற்பரப்பில் உண்டான மிக நுண்ணிய மாறுபாட்டைக் கண்டுபிடிக்கக் கணிப்பொறிக்குப் பயிற்சி அளிக்க வேண்டியிருந்தது. இதற்காக அறிவிக்கப்பட்ட போட்டியில் மூன்று மாணவர்கள் வென்று 7,00,000 டாலர் பரிசு பெற்றதாக 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது.

சுருளைத் திறக்காமலே 15 பத்திகள், 2000க்கும் மேற்பட்ட எழுத்துகள் படிக்கப்பட்டன. அதன் பொருள் என்ன தெரியுமா? இன்பம்! இசையும் உணவும் பேசப்படுகின்றன. அரிதாகக் கிடைக்கும் பொருள், ஏராளமாகக் கிடைப்பதைவிட அதிக இன்பம் தருமா என்று நூலாசிரியர் ஆராய்கிறார்; அப்படி எடுத்த எடுப்பில் நம்பிவிட முடியாது என்கிறார். அவர் பிலோடெமஸ் ஆகலாம் என்பது அறிஞர் கருத்து. படிக்கப்பட்ட பகுதி நூலின் கடைசிப் பகுதி. இன்பத்தைப் பற்றிப் பொதுவாகவும் சொல்ல ஒன்றுமில்லாத, தனித்தும் சொல்ல ஒன்றுமில்லாத எதிராளிகளை அங்கே அவர் ஒரு பிடி பிடிக்கிறார். அந்த எதிராளிகள் யார் என்பதைச் சொல்லக்கூடிய முற்பகுதி, சுருளில் ஏறத்தாழ 95 விழுக்காடு, அந்தப் பரிசு அறிவிக்கப்பட்ட நாளில் கருகிய சுருளுக்குள்ளேயே படிக்கப்படாமல் இருந்தது.